ஓடுவதற்கு முன் காலைப் பிடித்து இழுக்கலாமா?

காலை ஐந்தரைக்கு எந்த மைதானத்துக்குப் போனாலும் இந்தக் காட்சி தப்பாது. வண்டியை நிறுத்திவிட்டு நேராக வருவார்கள். கம்பிவேலியில் காலைத் தூக்கி வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு முட்டியைத் தொடக் குனிவார்கள். ஒரு நிமிடம் அப்படியே நிற்பார்கள். அப்புறம் ஓட்டம். பி.டி. வாத்தியார் சொல்லிக்கொடுத்த பழக்கம். நானும் பல வருஷம் அப்படித்தான் செய்தேன்.

இப்படித் தசையை இழுத்து நீட்டும் ஸ்ட்ரெட்சிங் கெட்டதில்லை, செய்கிற நேரம்தான் தப்பு. ஒரு தசையை அசையாமல் 60 வினாடிக்கு மேல் இழுத்துப் பிடித்தால், கொஞ்ச நேரத்துக்கு அதன் விசை குறைகிறது. சில சதவீதம்தான். நடைப்பயிற்சிக்காரருக்கு அது ஒரு பொருட்டே இல்லை. 100 மீட்டர் ஓடுகிறவருக்கும் ரெய்டு போகிற கபடிக்காரருக்கும் அந்தச் சில சதவீதம்தான் ஆட்டமே. அவர்களுக்கு மெதுவோட்டம், முட்டியை உயர்த்தி நடப்பது, காலை முன்னும் பின்னும் வீசுவது என உடம்பை அசைத்துச் சூடேற்றுவதே சரி. இழுக்காமல் மனசு கேட்கவில்லையா? 30 வினாடிக்குள் முடித்துவிட்டு, அதற்குப் பிறகு இந்த வார்ம்-அப்பைச் செய்யுங்கள்.

"அடிபடாமல் இருக்கத்தானே இழுக்கிறோம்" என்பார்கள். ஆஸ்திரேலிய ராணுவத்தில் புதிதாகச் சேர்ந்த 1,538 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை மட்டும் பயிற்சிக்கு முன் கால் தசைகளை நீட்டச் சொன்னார்கள். 12 வாரம் கழித்துப் பார்த்தால் கால் காயங்களில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. 2000-ல் வெளியான ஆய்வு இது. காயத்தைத் தடுப்பதில் தசை வலுவுக்குத்தான் பங்கு அதிகம். மண்டியிட்டு, கணுக்காலை ஒருவர் அழுத்திப் பிடிக்க, உடம்பை மெல்ல மெல்ல முன்னால் சாய்க்கும் நோர்டிக் பயிற்சியைத் தொடர்ந்து செய்த அணிகளில் பின்தொடைக் காயங்கள் ஏறத்தாழ பாதியாகக் குறைந்திருக்கின்றன. செய்து பாருங்கள், முதல் வாரம் படியிறங்கவே யோசிப்பீர்கள்.

பயிற்சி செய்த மறுநாள் வரும் அந்தத் தசைவலியையும் ஸ்ட்ரெட்சிங் பெரிதாகக் குறைக்காது. கடுமையாக உழைக்கும்போது தசையில் சேரும் லாக்டிக் அமிலத்தை வெளியேற்றுகிறோம் என்பது வெறும் பேச்சு; அது ஒரு மணி நேரத்திலேயே தானாகப் போய்விடும்.

இதையெல்லாம் படித்துவிட்டு ஸ்ட்ரெட்சிங்கையே விட்டுவிடுவது அடுத்த தவறு. தடை தாண்டுகிறவருக்கும், அரைமண்டியில் நிற்கும் பரதக் கலைஞருக்கும் நெகிழ்வு இல்லாமல் முடியாது. மற்றவர்களுக்கும் வயது ஏற ஏற அது தேவைப்படும். உடம்பு சூடாக இருக்கும்போது, வாரம் இரண்டு மூன்று நாள், ஒவ்வொரு தசைக்கும் மொத்தம் ஒரு நிமிடம் போதும். ஒரு தடவைக்கு 10 முதல் 30 வினாடி. வயதானவர்கள் 60 வினாடி வரை போகலாம். முதல் சில வாரங்களில் கை கூடுதலாக எட்டுவதற்குக் காரணம் தசை நீண்டது அல்ல, இழுப்பைத் தாங்க நரம்பு மண்டலம் பழகியது. அதனால் விட்டால் போய்விடும். முழுதாகக் குந்தி எழுவது போன்ற வலுப்பயிற்சியும் கிட்டத்தட்ட இதே நெகிழ்வைத் தரும். சாப்பாட்டு மேசை வந்த பிறகு நம்மில் எத்தனை பேர் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கையூன்றாமல் எழுகிறோம்?

இன்னொன்று. குனியும்போது இடுப்பிலிருந்து கால்வரை மின்சாரம் மாதிரிச் சுண்டி இழுத்தால், தசை இறுகிவிட்டது என்று இன்னும் பிடித்து இழுக்காதீர்கள். அது நரம்பாக இருக்கலாம். அங்கேயே நிறுத்திவிட்டு ஒரு பிசியோதெரபிஸ்ட்டிடம் காட்டுங்கள்.