"இன்டர்னல் இருக்குல்லா சார், பாஸாயிருவேன்லா?"

பாளையங்கோட்டையில் மொட்டை மாடியில் தகரக் கொட்டகை போட்டுக் கணக்கு டியூஷன் எடுக்கிறேன். ப்ளஸ் டூ பிள்ளைகளுக்குச் சாயங்காலம், இன்ஜினியரிங் பிள்ளைகளுக்கு ஞாயிற்றுக்கிழமை. செமஸ்டர் நெருங்கினால் மேலே இருக்கிற கேள்வியை யாராவது ஒருத்தன் கேட்காமல் இருக்க மாட்டான். இரட்டைத் தொகையீட்டில் வரம்பை மாற்றிப் போடத் தெரிந்தவனுக்குத் தன் மார்க்கைக் கூட்டிப் பார்க்கத் தெரிவதில்லை.

போன வருஷம் அப்படிக் கேட்டவனுக்கு இன்டர்னல், அதாவது செமஸ்டர் நடக்கும்போதே கல்லூரியில் போடுகிற அகமதிப்பீட்டு மார்க், 40-க்கு 34. வகுப்பிலேயே அதுதான் அதிகமாம். எம் ஒன், அதாவது முதல் செமஸ்டர் கணக்குப் பரீட்சையில் 100-க்கு 42 எடுத்தான். அரியர் விழுந்தது. "மொத்தம் ஐம்பத்தி ஒன்பது வருது சார், எப்படி ஃபெயிலு?" என்று வந்து நின்றான்.

அவன் கூட்டல் சரிதான். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ஒழுங்குமுறைப்படி எழுத்துத் தேர்வுப் பாடங்களில் இன்டர்னலுக்கு 40, செமஸ்டர் தேர்வுக்கு 60. நூறு மார்க்குக்கு எழுதுகிற தாளை 60-க்குச் சுருக்குவார்கள். 42 என்பது 25.2 ஆகும். அதோடு 34 சேர்ந்தால் 59.2. ஆனால் பாஸாக இரண்டு வாசல் தாண்ட வேண்டும். மொத்தத்தில் 50 வேண்டும். செமஸ்டர் தேர்வில் மட்டும் தனியாக 45 சதவீதமும் வேண்டும். முதல் வாசலை இவன் ஓடியே தாண்டிவிட்டான், இரண்டாவதில் மூணு மார்க்கில் தடுக்கி விழுந்தான். தாளில் 45-க்குக் கீழே போனால் இன்டர்னல் 40-க்கு 40 இருந்தாலும் காப்பாற்றாது.

இதைச் சொன்னதும் பின்வரிசையில் ஒருத்தன், "அப்போ இன்டர்னல் சும்மாத்தானே சார்?" என்றான். முதல் தப்பைவிட இது மோசம். இவனுக்கு இன்டர்னல் 14. மொத்தம் 50 வர இன்னும் 36 வேண்டும். 60-க்கு 36 என்றால் தாளில் 60 மார்க். 58 எடுத்தால்கூட மொத்தம் 48.8-தான் வரும், ஃபெயில். பக்கத்தில் இருக்கிறவன் 45 எடுத்துப் பாஸாகிற அதே தாளில் இவன் 60 எடுக்க வேண்டியிருக்கிறது.

இதற்கு ஒரு எல்லைக்கோடு உண்டு. இன்டர்னல் 23 இருந்தால் தாளில் சரியாக 45 போதும். 23-க்கு மேலே எவ்வளவு இருந்தாலும் பாஸாவதற்கு அது உதவாது, கிரேடுக்குத்தான் உதவும். 23-க்குக் கீழே மூணு மார்க் குறைந்தால் தாளில் ஐந்து மார்க் கூடுதலாக எடுக்க வேண்டும். இன்டர்னல் மார்க் ஒன்று தாளில் ஒன்றே முக்கால் மார்க்குக்குக் கொஞ்சம்தான் குறைவு. "ஒரு மார்க்தானே, சவத்த விடு" என்கிறவர்கள் இந்த விகிதத்தைப் போட்டுப் பார்த்ததே இல்லை.

அடுத்தது அசைன்மெண்ட். எங்கள் பிள்ளைகள் இதைத் தாள் நிரப்புகிற வேலை என்று நினைக்கிறார்கள். முதல் நாள் ராத்திரி பஸ் ஸ்டாண்டு ஜெராக்ஸ் கடையில் பக்கத்து வீட்டு அக்காவின் பழைய அசைன்மெண்டைப் பார்த்து எழுதிக் கொடுப்பது, அதுவும் முடியாவிட்டால் விட்டுவிடுவது. அதே ஒழுங்குமுறையில் ஒரு செமஸ்டருக்கு இரண்டு மதிப்பீடுகள். ஒவ்வொன்றும் 100 மார்க்குக்கு. அதில் 60 எழுத்துத் தேர்வு, 40 அசைன்மெண்ட் மாதிரியான தனி வேலைக்கு. இரண்டையும் சேர்த்த 200-தான் 40 ஆகச் சுருங்குகிறது. அப்படியானால் இன்டர்னல் 40-ல் 16 மார்க் அசைன்மெண்டில் இருந்து வருகிறது. தாள் மார்க்காகச் சொன்னால் 26-க்கும் மேலே. கணக்குத் தாளில் பத்து இரண்டு மார்க் கேள்விகளையும் தப்பில்லாமல் எழுதினால் கிடைப்பதே 20-தான். தேர்வு அறையில் வியர்த்து எழுதுகிற அந்த இருபதைவிடப் பெரியது, வீட்டில் உட்கார்ந்து நோட்டைப் பார்த்துக்கொண்டே எழுதலாம் என்று கொடுத்தது. அதையும் விட்டால் என்ன சொல்ல?

கலை அறிவியல் கல்லூரிப் பிள்ளைகளுக்குக் கணக்கு வேறு. அபிஷேகப்பட்டியில் இருக்கிற மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் கீழ் பி.எஸ்ஸி. கணிதம் படிக்கிறவர்களுக்கு இன்டர்னல் 25, தேர்வு 75. இங்கே ஃபர்ஸ்ட் கிளாஸ் ஆசைதான் பெரிது. மொத்தம் 60 வேண்டுமென்றால், இன்டர்னல் 22 இருப்பவள் தேர்வில் 75-க்கு 38 எடுத்தால் போதும், ஏறக்குறைய பாதி. இன்டர்னல் 12 இருப்பவள் 48 எடுக்க வேண்டும், 64 சதவீதம். ரியல் அனாலிசிஸில் அந்தப் பத்து மார்க்கைத் தேர்வு அறையில் தேடிப் பாருங்கள், அதன் அருமை தெரியும்.

இங்கேதான் இன்னொரு குழப்பமும் வருகிறது. ஒரே தெருவில் ஒருத்தி பல்கலைக்கழகத்தோடு இணைந்த கல்லூரியில் படிப்பாள், அடுத்த வீட்டுப் பையன் தன்னாட்சிக் கல்லூரிக்குப் போவான், மூன்றாவது வீட்டில் இன்ஜினியரிங். மூணு பேரும் மாடியில் உட்கார்ந்து ஒருத்தர் விகிதத்தை இன்னொருத்தர் மார்க்கில் போட்டுப் பார்ப்பார்கள். தன்னாட்சிக் கல்லூரி தன் விகிதத்தைத் தானே வைத்துக்கொள்ளும். இன்ஜினியரிங்கிலேயே 2017 ஒழுங்குமுறையில் இன்டர்னல் 20, தேர்வு 80-தான். மூத்த அண்ணன் "இன்டர்னல் பெரிசில்லல" என்று சொன்னது அவன் காலத்துக்குச் சரி. தம்பி அதை நம்பினால் கெட்டான். உங்கள் பாடத்திட்டப் புத்தகத்தின் முன்பக்கங்களைப் புரட்டினால் விகிதம் அங்கேயே இருக்கும்.

தேர்வை விடுவதைப் பற்றிச் சொல்லாமல் முடியாது, இது நம்ம ஊர் வியாதி. புரட்டாசியில் குலசை தசராவுக்கு மாலை போட்டு, காளி வேஷம் கட்டி ஊர் ஊராகக் காணிக்கை எடுக்கப் போகிறவன், பங்குனி உத்திரத்துக்குக் குலதெய்வம் சாஸ்தா கோயிலுக்குக் குடும்பத்தோடு வண்டி ஏறுகிறவள், கோயில் கொடைக்குப் போகிறவர்கள் எல்லாரும் சரியாக இன்டர்னல் நடக்கிற வாரத்தில்தான் போகிறார்கள். போக வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். நானும் சாஸ்தா கோயிலுக்குப் போகிறவன்தான். ஆனால் போவதற்கு முன்னால் எழுதிக் கொடுத்து, மறுதேர்வு உண்டா என்று கேட்டுவிட்டுப் போக வேண்டும். திரும்பி வந்து திருநீற்றைக் கொடுத்துக்கொண்டே "சார், டெஸ்ட்டு" என்று தலையைச் சொறிந்தால் எந்த வாத்தியாருக்கும் மனசு இறங்காது. வருகை 75 சதவீதம் இல்லாவிட்டால் தேர்வு எழுதுவதே சிக்கல். அங்கே மார்க் பேச்சுக்கே இடமில்லை.

2023 டிசம்பர் 17, 18 வெள்ளத்தில் தாமிரபரணிக் கரையில் இருந்த ஒரு பையனின் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர். நோட்டு, அசைன்மெண்ட் எல்லாம் கூழாகிப் போனது. அவன் யாரிடமும் சொல்லவில்லை. ஊரே மூழ்கிக் கிடக்கையில் இதைப் போய்க் கேட்பதா என்று கூச்சம். அந்த இடத்தில் பூஜ்யம் விழுந்தது. அவனோடு படித்த இன்னொருத்தன் ஒரு கடிதம் கொடுத்தான், இரண்டு வாரம் தவணை கிடைத்தது. இந்தக் கூச்சத்துக்கு எந்த விகிதத்தில் மார்க் கழிப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

பார்க்காமல் கையெழுத்துப் போடுவது இன்னொன்று. என்னிடம் படித்த ஒரு பெண்ணுக்கு இன்டர்னல் 31 என்பது 13 என்று ஏறியிருந்தது. கல்லூரியின் பெயர் வேண்டாம். பட்டியலைச் சுற்றுக்கு விட்டபோது பெயருக்கு நேரே கையெழுத்துப் போட்டிருக்கிறாள், எண்ணைப் பார்க்கவில்லை. மேலே அனுப்பிய பிறகு திருத்த அவளுடைய அப்பா எத்தனை நடை நடந்தார் என்று கேட்டால் அண்ணாச்சிக்கு இன்னும் கோபம் வரும். அரியர் விழுந்தால் அடுத்த முறை எழுதும்போதும் அதே இன்டர்னல்தான் கூடவே வரும். திருத்தாமல் விட்டிருந்தால் அந்தப் பதின்மூன்று அவளை விட்டுப் போயிருக்காது.

ப்ளஸ் டூவைப் பற்றிக் கொஞ்சம். மாநிலப் பாடத்திட்டத்தில் கணக்குக்குத் தேர்வு 90, அகமதிப்பீடு 10. வருகை, உள்தேர்வு, ஒப்படைவு, இணைச் செயல்பாடு எல்லாம் அந்தப் பத்துக்குள். நான் பார்த்த வரையில் முக்கால்வாசிப் பேருக்குப் பத்தும் கிடைத்துவிடுவதால் யாரும் அதை நினைப்பதே இல்லை. இன்ஜினியரிங் கட் ஆஃப் 200-ல் கணக்கு 100, இயற்பியல் 50, வேதியியல் 50. இயற்பியலில் ஒரு மார்க் போனால் கட் ஆஃபில் அரைதான் குறையும், கணக்கில் போனால் முழுசாக ஒன்று. கட் ஆஃப் சமமாக வந்தாலும் முதலில் கணக்கு மார்க்கைத்தான் பார்ப்பார்கள். 2021-ல் கொரோனாவால் ப்ளஸ் டூ தேர்வே நடக்காதபோது, செய்முறைத் தேர்வு இல்லாத பாடங்களில் இந்தப் பத்தை முப்பதாகப் பெருக்கித்தான் மார்க் போட்டார்கள். அந்த வருஷம் இரண்டு மார்க் விட்டவன் ஆறு மார்க் விட்டான். சி.பி.எஸ்.இ.யில் தேர்வு 80, அகமதிப்பீடு 20. அந்த இருபதில் பத்து பருவத் தேர்வுக்கு, பத்து செயல்பாட்டு ரெக்கார்டுக்கும் வைவாவுக்கும். ரெக்கார்டைக் கடைசி வாரம் ஒட்ட வைத்து முடிக்கிறவர்களை அங்கேயும் பார்த்திருக்கிறேன்.

பாஸானவர்களும் கிரேடில் ஏமாறுகிறார்கள். கிரெடிட் என்பது ஒரு பாடத்தின் எடை. எம் ஒன்னுக்கு நாலு கிரெடிட், தமிழர் மரபு என்கிற பாடத்துக்கு ஒன்று. கணக்கில் ஒரு கிரேடு இறங்கினால் அதில் இறங்குவதைப் போல நாலு மடங்கு அடி. தவிர 2021 ஒழுங்குமுறையில் பெரிய வகுப்புகளுக்கு ஒப்பீட்டு கிரேடு, அதாவது மற்றவர்கள் மார்க்கோடு ஒப்பிட்டுப் போடுவது. எல்லாருக்கும் 36, 37 என்று அள்ளிப் போட்டிருந்தால் உன் 36-க்குத் தனி மதிப்பில்லை, பரீட்சைத் தாள்தான் வித்தியாசம் காட்டும். அந்த 34 வாங்கியவன் இதைக் கேட்டதும், "அப்போ எல்லாருக்கும் கம்மியாப் போடச் சொல்லணும் சார்" என்றான். ஏல, போய் முதல்ல அரியர எழுதுல என்று விரட்டினேன். அடுத்த முறை தாளில் 57 எடுத்தான். பழைய 34 அப்படியே கூட வந்தது. மொத்தத்தை இந்த முறை அவனே கூட்டிக்கொண்டு வந்தான், 68.2.