கையால் கடைந்த இ-சிகரெட் மவுத்பீஸ்: ஆடாமல், கழலாமல் பொருத்துவது எப்படி?

லேத்தில் (கடைசல் எந்திரத்தில்) கொஞ்சம் கை பழகிய எவரும் அழகான மவுத்பீஸ் ஒன்றைக் கடைந்துவிடலாம். உதட்டில் படும் மேல்பாகத்துக்கு இன்ன அளவுதான் என்ற கட்டாயம் இல்லை. நீளமோ குட்டையோ, உருண்டையோ தட்டையோ, உங்கள் இஷ்டம். ஆளைப் படுத்துவது கீழே சாதனத்துக்குள் இறங்குகிற ஐந்தாறு மில்லிமீட்டர்தான். அது லூஸாக இருந்தால் மவுத்பீஸைப் பிடித்துத் தூக்கும்போது சாதனம் கீழே விழும். டைட்டாக இருந்தால் கழற்ற இடுக்கி தேட வேண்டியிருக்கும். இந்தப் பதிவு முழுக்க அந்த ஐந்தாறு மில்லிமீட்டரைப் பற்றித்தான்.

ஆரம்பிக்கும் முன் ஒரு வார்த்தை. இ-சிகரெட்டைப் பல நாடுகள் தடை செய்திருக்கின்றன, சில நாடுகள் கட்டுப்பாட்டுடன் அனுமதிக்கின்றன. உங்கள் இடத்தின் சட்டத்தைப் பார்த்துவிட்டு இறங்குங்கள். இது ஏற்கெனவே பயன்படுத்தும் பெரியவர்களுக்கான பதிவு. புகைப் பழக்கமே இல்லாதவர்கள் இதைச் சாக்காக வைத்துத் தொடங்க வேண்டாம்.

முதலில் புரிந்துகொள்ள வேண்டியது

புதிதாகச் செய்பவர்கள் பெரும்பாலும் தண்டையே, அதாவது சாதனத்துக்குள் இறங்கும் அந்தக் கீழ்ப்பகுதியையே, துளைக்குள் இறுக்கமாக உட்காரவைக்கப் பார்க்கிறார்கள். அது வேண்டாத வேலை. தண்டு துளைக்குள் லேசாக, தடையில்லாமல் போய் வர வேண்டும். பிடித்து நிறுத்துவது அதன் மேல் மாட்டியிருக்கும் ஓ-ரிங் என்ற சின்ன ரப்பர் வளையம். ரப்பர் கொஞ்சம் நசுங்கி, திரும்ப விரியப் பார்க்கும் அந்த விசைதான் பிடிப்பு. ஆகவே நீங்கள் உண்மையில் கடைவது தண்டை அல்ல. ஓ-ரிங் உட்காரும் காடியை, அதாவது தண்டைச் சுற்றி வெட்டும் பள்ளத்தை. காடியின் விட்டம் சரியாக அமைந்துவிட்டால் தண்டில் சின்னச் சின்னக் குறை இருந்தாலும் ரிங் மறைத்துவிடும். காடி தவறினால் தண்டு எவ்வளவு பளபளப்பாக இருந்தும் பயனில்லை.

படி 1: சாதனத்தின் துளையை அளப்பது

மவுத்பீஸ்கள் பொதுவாக இரண்டு வகை. 510 என்பது சிறியது, சாதனத்தின் துளை சுமார் 8.5 மி.மீ. 810 என்பது பெரியது, துளை சுமார் 12.5 மி.மீ. இந்தச் 'சுமார்' என்ற சொல்லில்தான் எல்லாச் சிக்கலும். தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் அளவு கொஞ்சம் மாறும். அதனால் 510 என்று எழுதியிருக்கிறதே என்று நம்பிக் கடையாதீர்கள். கையில் இருக்கும் சாதனத்தை அளந்து கடையுங்கள்.

810 வகையில் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். சில சாதனங்களில் ஓ-ரிங் மவுத்பீஸில் இருக்கும். சிலவற்றில் சாதனத்தின் மேல்மூடிக்குள்ளேயே இருக்கும். உள்ளே ரிங் இருந்தால் உங்கள் தண்டில் காடியே வேண்டாம், வழவழப்பான தண்டு போதும். டார்ச் அடித்து உள்ளே பார்த்தால் தெரிந்துவிடும்.

அளப்பதற்கு வெர்னியர் (தாடைகளால் பிடித்து அளக்கும் அளவுகோல்) போதுமா? ஓரளவுக்குத்தான். வெர்னியரின் உள்தாடைகளின் விளிம்பு தட்டையாக இருப்பதால் சிறிய வட்டத் துளையில் அது எப்போதும் உண்மையைவிடக் கொஞ்சம் குறைத்தே காட்டும். இதற்கு எளிய மாற்று, ஒரு படிக்கட்டுக் குச்சி. டெல்ரின் (கெட்டியான ஒரு வகைப் பிளாஸ்டிக்) துண்டு ஒன்றை எடுத்து, நுனியில் 8.40, அடுத்து 8.45, பிறகு 8.50, 8.55, 8.60 என்று ஒவ்வொன்றும் 1 மி.மீ. நீளத்துக்குப் படிப்படியாகக் கடைந்துகொள்ளுங்கள். வெளிவிட்டத்தை வெர்னியரோ மைக்ரோமீட்டரோ நன்றாகவே அளக்கும். குச்சியைத் துளைக்குள் விட்டால் எந்தப் படியில் நிற்கிறதோ அதற்கு முந்தைய படிதான் உங்கள் துளையின் அளவு என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு முறை செய்துவைத்தால் காலத்துக்கும் உதவும்.

துளையின் ஆழத்தையும் வெர்னியரின் வால்கம்பியால் குறித்துக்கொள்ளுங்கள். தண்டு அதைவிட 0.3 மி.மீ. போலக் குட்டையாக இருக்க வேண்டும். அப்போதுதான் மவுத்பீஸின் தோள் (தண்டுக்கு மேலே அகலமாகும் விளிம்பு) சாதனத்தின் மேல்விளிம்பில் இடைவெளி தெரியாமல் உட்காரும்.

படி 2: எந்தப் பொருளில் கடைவது

முதல் முயற்சிக்கு டெல்ரின்தான் என் தேர்வு. வெண்ணெய் மாதிரி வெட்டுப்படும், ஈரம் குடிக்காது, வெப்பத்தையும் எளிதில் உதட்டுக்குக் கடத்தாது. ஒரே ஒரு குணத்தைக் கவனிக்க வேண்டும்: சூட்டில் விரியும். 8.4 மி.மீ. தண்டு 40 டிகிரி கூடுதலாகச் சூடேறினால் விட்டம் ஏறத்தாழ 0.04 மி.மீ. கூடும். அதே அளவு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தண்டு கூடுவது 0.006 தான். குளிர்ந்திருக்கும்போது 'அப்பாடா, கச்சிதம்' என்று தோன்றும் டெல்ரின் தண்டு, பத்து இழுப்புக்குப் பிறகு இறுகிப்போவதற்கு இதுதான் காரணம். இடைவெளி விடச் சொல்வது இதற்காகவும்தான்.

மரத்தில் ஆசை இருந்தால் தாராளமாகச் செய்யலாம், ஆனால் தண்டுப் பகுதியை மரத்திலேயே கடையாதீர்கள். மரம் ஆவியின் ஈரத்தைக் குடித்து உப்பும், காய்ந்து சுருங்கும். இன்று பொருந்துவது அடுத்த வாரம் பொருந்தாது. தண்டை மட்டும் ஸ்டீல் அல்லது டெல்ரினில் தனியாகக் கடைந்து, மரத்துக்குள் எபாக்ஸி வைத்து ஒட்டிவிடுங்கள். அரளி போன்ற நச்சு மரங்கள் வாய்ப்பக்கமே வரக்கூடாது. தோதகத்தி இன மரங்களின் தூள் சிலருக்கு அரிப்பு, மூச்சிரைப்பு தரும். முகமூடி போடாமல் கடையாதீர்கள். சாதாரணப் பித்தளையில் வெட்டுப்படுவதற்காகக் காரீயம் கலந்திருக்கும், அதையும் தவிர்க்கலாம்.

அக்ரிலிக் பார்க்கக் கண்ணாடியாக மின்னும். ஆனால் கடைந்த அக்ரிலிக்கை ஸ்பிரிட் போட்டுத் துடைத்தால் மயிரிழை விரிசல் விழும். சோப்புத் தண்ணீர் போதும்.

படி 3: கணக்கு

பயப்பட வேண்டாம், கழித்தல் மட்டும்தான். துளை 8.50 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். ஓ-ரிங் 6.5 × 1. அதாவது உள்விட்டம் 6.5, ரப்பரின் தடிமன் 1 மி.மீ.

அசையாத இணைப்புகளில் ரப்பரை 15 முதல் 25 சதவீதம் வரை நசுக்குவது வழக்கம். அடிக்கடி கழற்றி மாட்டுகிற மவுத்பீஸுக்கு 15 போதும். அப்படியானால் 1 மி.மீ. ரப்பருக்கு நாம் தரும் இடம் 0.85 மி.மீ. இது இரண்டு பக்கமும் வரும், எனவே 1.70. துளையிலிருந்து கழித்தால் 8.50 − 1.70 = 6.80. இதுதான் காடியின் அடிவிட்டம்.

6.5 ரிங்கை 6.80-இல் மாட்டும்போது அது 5 சதவீதம் அளவுக்கு இழுபடும். இதற்குமேல் அதிகம் இழுக்காதீர்கள். இழுபட்ட ரிங் மெலியும். மெலிந்தால் பிடிப்பும் குறையும், சீக்கிரம் அறுந்தும் போகும்.

தண்டின் விட்டம் துளையைவிட 0.10 குறைவு, 8.40. காடியின் அகலம் 1.3 முதல் 1.4 வரை. ரப்பர் நசுங்கும்போது பக்கவாட்டில் பிதுங்க இடம் வேண்டுமல்லவா? காடியை ரிங்கின் தடிமனுக்குச் சரியாக 1 மி.மீ. அகலத்தில் வெட்டினால் ரப்பருக்குப் போக்கிடம் இருக்காது, மவுத்பீஸ் உள்ளே இறங்க மறுக்கும்.

ஒரு ரிங்கா, இரண்டா? தண்டு ஐந்து மில்லிமீட்டருக்குமேல் நீளம் இருந்தால் இரண்டு போடுங்கள். ஒற்றை ரிங் காற்றை அடைக்கும், ஆனால் மவுத்பீஸ் அதன்மேல் இப்படியும் அப்படியும் சாய்ந்து ஆடும். இரண்டு ரிங் இருந்தால் ஆட்டம் நின்றுவிடும்.

கடைசியாக உள்துளை. இறுக்கமான இழுப்புக்கு 3 முதல் 4 மி.மீ. 4 மி.மீ. துளையிட்டால் காடிக்கு அடியில் மிஞ்சும் சுவர் (6.80 − 4) ÷ 2 = 1.4 மி.மீ. 5 மி.மீ. துளையிட்டால் 0.9 தான். ஸ்டீல் என்றால் தாங்கும். மற்றவற்றில் காடியோடு முறிந்து பாதி உள்ளேயே தங்கிவிட வாய்ப்பு உண்டு. அதிகக் காற்று வேண்டுமென்றால் 810 பக்கம் போவதே நல்லது.

படி 4: கடைசல்

முதலில் உள்துளை, அப்புறம்தான் வெளிப்புறம். துளை போட்டபின் டெயில்ஸ்டாக்கின் (லேத்தின் மறுமுனைத் தாங்கியின்) சுழலும் சென்டரை அந்தத் துளையிலேயே தாங்கக் கொடுத்துக் கடைந்தால் உள்ளும் வெளியும் ஒரே மையத்தில் வரும். டிரில்லைச் சிறிது சிறிதாக விட்டு எடுங்கள். சுருளை வெளியேற்றாமல் அழுத்தினால் பிளாஸ்டிக் உருகிப் பிட்டில் ஒட்டிக்கொள்ளும்.

தண்டை 8.60 வரை இறக்குங்கள். நிறுத்தி, ஆறவிட்டு அளந்து பாருங்கள். பிறகு 8.40-க்கு வாருங்கள். இங்கே உங்கள் லேத்தின் டயல் எதைக் காட்டுகிறது என்று தெரிந்திருக்க வேண்டும். சில லேத்களில் டயல் விட்டத்தைக் காட்டும், சிலவற்றில் உளி நகர்ந்த தூரத்தை. இரண்டாவது வகையில் 0.05 நகர்த்தினால் விட்டத்தில் 0.10 போய்விடும்.

காடி வெட்ட அகலம் குறைந்த உளி வேண்டும். கடையில் தேடி அலைய வேண்டாம். எச்எஸ்எஸ் (உளி செய்யும் கடின எஃகு) துண்டு ஒன்றின் நுனியை 1.3 மி.மீ. அகலத்துக்குச் சாணை பிடித்துக்கொள்ளலாம். நேராக உள்ளே விட்டு எடுங்கள், பக்கவாட்டில் இழுக்க வேண்டாம். 6.90 வந்ததும் நிறுத்தி, ரிங்கை மாட்டிச் சாதனத்தில் விட்டுப் பாருங்கள். பலருக்கு அங்கேயே சரியாக இருக்கும். டைட்டாகத் தோன்றினால் 0.05 எடுங்கள், மறுபடி பாருங்கள். 6.70-க்குக் கீழே போனால் பிடிப்பு போய்விடும், திரும்பி வர வழியில்லை.

இனி விளிம்புகள். தண்டின் நுனியைச் சுற்றி ஒரு சிறு சரிவு கொடுங்கள், உள்ளே வழுக்கிக்கொண்டு போகும். காடியின் இரண்டு மேல்விளிம்புகளையும் 600 நம்பர் உப்புத்தாளை மடித்து லேசாகத் தொட்டு எடுங்கள். நகத்தை அதன்மேல் ஓட்டிப் பார்த்தால் பிசிறு இருப்பது தெரிந்துவிடும். நகத்தைப் பிடிக்கிற விளிம்பு ரிங்கையும் அறுக்கும். சிலிக்கோன் ரிங்குக்கு ஒரு சின்னக் கீறல் போதும், அங்கிருந்தே கிழியத் தொடங்கும். சாதனத்தின் துளைவாயிலும் கூரான விளிம்பு இருக்கிறதா என்று அப்படியே பார்த்துவிடுங்கள்.

படி 5: மாட்டுவதும் சோதிப்பதும்

வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் உள்ளும் புறமும் கழுவுங்கள். பாலிஷ் பேஸ்ட், கட்டிங் ஆயில், தூள் எதுவும் உள்ளே தங்கக்கூடாது; போகப்போவது நுரையீரலுக்கு. ரிங் உணவுத் தரச் சிலிக்கோனாக இருக்கட்டும். மாட்டும் முன் அதன்மேல் ஒரு துளி காய்கறி கிளிசரின் தடவுங்கள். சமையல் எண்ணெய், வாசலின், மெஷின் ஆயில் எதையும் தொடாதீர்கள். எண்ணெய்த்துளி நுரையீரலுக்குள் போனால் அழற்சி வரும். சிலிக்கோன் கிரீஸும் வேண்டாம், சிலிக்கோன் ரிங்கையே அது உப்பவைத்துவிடும்.

நேராக அழுத்தாமல், லேசாகத் திருகியபடி இறக்குங்கள். இப்போது மூன்று விஷயம் பாருங்கள். பக்கவாட்டில் தட்டினால் ஆடுகிறதா? மவுத்பீஸை மட்டும் பிடித்துச் சாதனத்தைத் தூக்கினால் நிற்கிறதா? இதை மெத்தைமேல் வைத்துச் செய்யுங்கள், கல்தரையில் வேண்டாம். மூன்றாவதாக, சாதனத்தை அணைத்துவிட்டு, காற்றுவழியை விரலால் முழுக்க அடைத்து உறிஞ்சுங்கள். காற்று வந்தால் எங்கோ ஓட்டை. ரிங்கைத் திருப்பிப் பாருங்கள், முறுக்கி உட்கார்ந்திருக்கலாம்.

சரியாக வராவிட்டால்

செருகும்போது ரிங் சுருண்டு காடியிலிருந்து வெளியே வந்துவிட்டால், காடி ஆழம் போதவில்லை அல்லது நுனிச்சரிவு இல்லை. உள்ளே போகிறது, ஆனால் தானாக மேலே எழும்புகிறது என்றால் தண்டு நீளம். அடியைத் தட்டி நிற்கிறது.

ஒரு சாதனத்தில் கச்சிதமாக நிற்கும் மவுத்பீஸ் இன்னொன்றில் தொளதொளவென்று இருக்கிறதா? துளை 8.50-க்குப் பதில் 8.60 இருந்தால் நசுங்கல் 15-இலிருந்து 10 சதவீதமாக விழுந்துவிடும். ரிங் மெலிந்ததையும் சேர்த்தால் இன்னும் குறைவு. புதிதாகக் கடைய வேண்டாம். ரிங்கைக் கழற்றி, காடிக்குள் பிளம்பர்கள் சுற்றும் டெஃப்லான் டேப்பை ஒரே ஒரு சுற்றுச் சுற்றி, அதன்மேல் ரிங்கை மாட்டுங்கள். விட்டம் சற்றே கூடும், பெரும்பாலும் அதுவே போதும். ஒரு சுற்று போதவில்லையென்றால் இரண்டு. மூன்றாவது சுற்று தேவைப்பட்டால் அந்தச் சாதனத்துக்கென்று தனியாக ஒன்று கடைவதே மேல்.

சூட்டில் இறுகிக் கழற்ற முடியாமல் போனால் இடுக்கியை எடுக்காதீர்கள். சாதனத்தை அணைத்து ஆறவிடுங்கள். டெல்ரின் சுருங்கியதும் ரப்பர் கையுறை போட்ட கையால் திருகி இழுத்தால் வந்துவிடும். வந்ததும் தண்டில் 0.03 மி.மீ. உப்புத்தாளால் தேய்த்து எடுங்கள். காடியைத் தொட வேண்டாம், அதன்மேல் தவறில்லை.