மிஸ் மார்ப்பிளை அவசரமாகப் படிக்காதீர்கள்

கொலை நடக்கும், ஆனால் ரத்தம் தெறிக்காது. துப்பறிவது போலீஸ் இல்லை, கம்பளி பின்னிக்கொண்டிருக்கும் ஒரு பாட்டி. நடுநடுவே தேநீர், தோட்டம், ஊர்வம்பு. ஆங்கிலத்தில் ‘கோஸி மிஸ்டரி’ என்று சொல்லும் இந்த வகையில் முதலில் எதைப் படிக்கலாம் என்று யாராவது கேட்டால், அகதா கிறிஸ்டியின் மிஸ் மார்ப்பிள் கதைகளைத்தான் சொல்வேன். 12 நாவல்கள், 20 சிறுகதைகள். நான் முழு வரிசையையும் இரண்டு தடவை படித்திருக்கிறேன். முதல் தடவை பல இடங்களில் எரிச்சல் வந்தது. இரண்டாம் தடவைதான், அதில் பாதி நான் படித்த விதத்தால் வந்தது என்று புரிந்தது.

பெரிய தவறு, வம்புப் பேச்சைத் தாண்டிக் குதிப்பது. பிணம் எப்போது விழும் என்று பக்கங்களைத் தள்ளிக்கொண்டே போனால், தடயங்களையும் சேர்த்துத் தள்ளிவிடுவோம். வேலைக்காரப் பெண் ஏன் நின்றாள், மீன்காரர் கடையில் என்ன நடந்தது, யார் யாரைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள் என்பதெல்லாம் இந்தக் கதைகளில் இட்டு நிரப்பியவை அல்ல. மிஸ் மார்ப்பிளின் வழிமுறையே அதுதான். சந்தேகப்படும் ஆளைப் பார்த்ததும் அவருக்குத் தன் ஊரான செயின்ட் மேரி மீட் கிராமத்தில் யாரோ ஒருவர் நினைவுக்கு வருவார். அந்த ஆள் அன்றைக்குச் செய்த சின்னத் திருட்டுத்தனம்தான் இன்றைய கொலைக்குச் சாவி. 1930-இல் வந்த முதல் நாவலில் அவருடைய தோட்டம் பாதிரியார் வீட்டை ஒட்டியே இருக்கிறது. செடிக்கு நடுவில் நின்றபடியே யார் வந்தார், யார் போனார் என்று கவனித்துக்கொண்டிருப்பார்.

காலத்தைக் கவனிக்காமல் படிப்பது அடுத்த தவறு. 1950-இல் வந்த ‘எ மர்டர் இஸ் அனவுன்ஸ்டு’ நாவலை எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளிக்கிழமை மாலை 6.30-க்கு இன்ன வீட்டில் கொலை நடக்கும் என்று உள்ளூர்ப் பத்திரிகையில் விளம்பரம் வருகிறது. அக்கம்பக்கத்தார் எல்லாம் ஏதோ விளையாட்டு என்று நினைத்துக் கிளம்பி வந்துவிடுகிறார்கள். அபாரமான தொடக்கம். ஆனால் கதையின் உயிர் வேறு இடத்தில் இருக்கிறது. இரண்டாம் உலகப் போர் முடிந்து, ரேஷன் இன்னும் முடியாத இங்கிலாந்து அது. பழைய நாளில் ஒரு ஊருக்கு யாராவது புதிதாகக் குடிவந்தால், இன்னார் வீட்டுப் பிள்ளை என்று சொல்ல நாலு பேர் இருப்பார்கள். இப்போது ரேஷன் கார்டும் அடையாள அட்டையும்தான் சாட்சி, அவர் சொல்வதுதான் அவர் கதை. மிஸ் மார்ப்பிளே இதை எடுத்துச் சொல்கிறார். அந்த இடத்தை வயதானவரின் புலம்பல் என்று நினைத்து ஓட்டிவிட்டவர்களுக்கு முடிவு ‘ஏமாற்று வேலை’ போலத் தோன்றும். எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. அது ஏமாற்று வேலையே இல்லை, நாம்தான் காது கொடுத்துக் கேட்கவில்லை.

இதே நாவலில் உண்மையாகவே உறுத்தும் ஒன்றும் உண்டு. மிட்ஸி என்ற அகதிப் பெண் அந்த வீட்டில் சமைக்கிறாள். அவள் பயத்தையும் அவள் படும் பாட்டையும் கதை சிரிப்புக்காகவே பயன்படுத்துகிறது. போரில் எல்லாவற்றையும் இழந்து வந்தவளைப் பார்த்து அப்படிச் சிரிக்க என்னால் முடியவில்லை. பழைய கதைதானே என்று இதைக் கண்டுகொள்ளாமல் விடுவதும் தவறு, இதற்காக முழு வரிசையையும் மூடி வைப்பதும் தவறு. ஏனென்றால் 1953-இல் வந்த ‘எ பாக்கெட் ஃபுல் ஆஃப் ரை’யில், தான் வேலை பழக்கி அனுப்பிய கிளாடிஸ் என்ற ஏழைப் பெண்ணைக் கொன்றுவிட்டார்கள் என்று தெரிந்ததும் மிஸ் மார்ப்பிள் கோபத்தோடு கிளம்பி வருகிறார். பணக்கார வீட்டுச் சாவுகளைவிட அந்தப் பெண்ணின் சாவுதான் அவரைச் சுடுகிறது. இந்த எழுத்தாளருக்கு இரண்டு முகமும் உண்டு.

சரி, எந்த வரிசையில் படிப்பது? வெளிவந்த வரிசை போதும், ஒரு விதிவிலக்கோடு. ‘ஸ்லீப்பிங் மர்டர்’ 1976-இல், கிறிஸ்டி இறந்த பிறகு, மார்ப்பிளின் கடைசி வழக்கு என்ற பெயரோடு வந்தது. ஆனால் அதை அவர் எழுதியது இரண்டாம் உலகப் போர்க் காலத்தில். கடைசியாகப் படித்தால், தளர்ந்துபோயிருந்த பாட்டி திடீரென்று குனிந்து களை பிடுங்குவார். அதற்குள் இறந்துவிட்ட அவருடைய நண்பர் கர்னல் பான்ட்ரி உயிரோடு இருப்பார். அதை நடுவில் படித்துவிட்டு, 1971-இல் வந்த ‘நெமிசிஸ்’ நாவலைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு முன் ‘எ கரீபியன் மிஸ்டரி’யை முடித்திருக்க வேண்டும். அதில் அறிமுகமாகும் ரஃபியல் என்ற முதியவர் விட்டுச்சென்ற வேலைதான் ‘நெமிசிஸ்’.

பழைய புத்தகக் கடையில் வாங்குபவர்கள் கவனிக்கவும்: அமெரிக்கப் பதிப்புகளில் சிலவற்றுக்குப் பெயரே வேறு. ‘4.50 ஃப்ரம் பாடிங்டன்’ அங்கே ‘வாட் மிஸஸ் மெக்கிலிகடி சா!’ ஆகிவிட்டது. புதுக் கதை என்று வாங்கிவிடாதீர்கள்.

அப்புறம், தொடர்ந்து அள்ளிப் படிப்பது. எனக்கு மிகவும் வருத்தம் தந்த தவறு இது. ஒரே மாதத்தில் ஆறு நாவல் படித்தேன். சந்தேகத்தோடு பார்க்கும் இன்ஸ்பெக்டர், தன் அத்தை மிஸ் மார்ப்பிளைக் குறைத்து எடைபோடும் எழுத்தாளர் ரேமண்ட் வெஸ்ட், கடைசியில் விளக்கம் என்று அச்சு கண்ணில் பட ஆரம்பித்ததும் கதை செத்துவிட்டது. முதல் நாவலுக்கும் இரண்டாவதுக்கும் நடுவே 12 வருட இடைவெளி இருந்தது என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு நாவலுக்கு நடுவே வேறு ஏதாவது படிப்பது நல்லது.

திரையில் பார்த்துவிட்டால் போதும் என்றும் நினைக்க வேண்டாம். ஜோன் ஹிக்சன் நடித்த பிபிசி தொடர் 12 நாவல்களையும் எடுத்தது, ஓரளவு மூலத்தை ஒட்டியே போகும். 2004-இல் தொடங்கிய ஐடிவி தொடரில் மிஸ் மார்ப்பிளே இல்லாத நாவல்களிலும் அவரைக் கொண்டுவந்து வைத்தார்கள், ‘தி பாடி இன் தி லைப்ரரி’யில் குற்றவாளியையே மாற்றினார்கள்.

‘தி மூவிங் ஃபிங்கர்’ எடுத்தவர்களுக்கு ஒரு வார்த்தை: பாட்டி எங்கே என்று தேடாதீர்கள். கதை வெகுதூரம் போன பிறகுதான் வருவார். அதுவரை ஊரெங்கும் வரும் மொட்டைக் கடிதங்களை யார் யார் எப்படி எடுத்துக்கொள்கிறார்கள் என்று பாருங்கள். அவர் வந்ததும் அதைத்தான் கேட்பார்.