ஏரியை ஒட்டிய பூர்வீக நிலம்: விற்பதா, குத்தகைக்கு விடுவதா, மனை போடுவதா?

காஞ்சிபுரம், செங்கல்பட்டு மாவட்டங்களில் ஏரியை ஒட்டிப் பூர்வீக நிலம் வைத்திருப்பவர்கள், தரகர் சொல்லும் விலையை வைத்துக் கணக்குப் போடுவதற்கு முன், தம் நிலம் ஏரியின் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். கரைக்கு வெளியே, மதகுக்குக் கீழே பாசனம் பெறும் நிலம் ஆயக்கட்டு. கரைக்கு உட்புறம், நீர் பரவும் பக்கத்தில் இருப்பது உள்வாய். இரண்டுக்கும் பட்டா இருக்கக்கூடும் என்பதால், பட்டாவை மட்டும் பார்த்து இந்த வேறுபாட்டை அறிய முடியாது. ஏரி நிரம்பும்போது நீர் கலங்கலின், அதாவது உபரிநீர் வழிந்தோடும் அமைப்பின், மேல்மட்டம் வரை ஏறும் ஆகையால், அதைவிடத் தாழ்ந்த உள்வாய் நிலம், கோடையில் எவ்வளவு காய்ந்து கிடந்தாலும், நல்ல மழை ஆண்டில் தண்ணீருக்குள் போகும். ஒரு சர்வேயரை அழைத்து, கலங்கல் மட்டத்தையும் நில மட்டத்தையும் மட்டக்கருவியால் ஒப்பிட்டுப் பார்ப்பதே முதல் செலவாக இருக்கட்டும். 'ஏரி வியூ' என்று விளம்பரப் பலகையில் கவர்ச்சியாகத் தெரிவது, கார்த்திகை மாதத்தில் வேறாகத் தெரியும்.

அடுத்தது ஆவணங்கள். சிட்டா, புலப்படம், வில்லங்கச் சான்று ஆகியவற்றோடு நிறுத்திவிடாமல், 1980-களில் நில உடைமைப் பதிவேடுகளைப் புதுப்பிக்க நடந்த யு.டி.ஆர். திட்டத்துக்கு முந்தைய பழைய செட்டில்மெண்ட் (நில அளவை, வரி நிர்ணய) பதிவேட்டின் நகலையும் வாங்கிப் பார்க்க வேண்டும். அதில் அதே புல எண் ஏரிப் புறம்போக்கு என்று இருந்தால், இன்று கையிலிருக்கும் பட்டா கேள்விக்குள்ளாகலாம். ஏரிகளைப் பாதுகாக்கவும் ஆக்கிரமிப்புகளை அகற்றவும் 2007-இல் தமிழ்நாட்டில் தனிச் சட்டமே வந்திருக்கிறது.

நிலம் தெளிவானபின் குடும்பத்துக்கு வரலாம். இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 2005-ஆம் ஆண்டுத் திருத்தப்படி கூட்டுக்குடும்பச் சொத்தில் மகள்களுக்கும் மகன்களுக்கும் சம பங்கு உண்டு. அந்தத் திருத்தம் வந்தபோது தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2020-இல் கூறிவிட்டது. 'தங்கைக்குத்தான் நகை போட்டாயிற்றே' என்ற பேச்சு சட்டத்தில் நிற்காது. வாய்ப்பேச்சாகப் பிரித்துக்கொள்வதைவிடப் பாகப்பிரிவினைப் பத்திரம் பதிவு செய்துகொள்வது நல்லது.

அதன் பிறகுதான் தெரிவுகள். ஆயக்கட்டு நன்செய்யாக இருந்து, பணத்துக்கு அவசரமும் இல்லையென்றால், அப்படியே வைத்துக்கொள்வதே முதன்முறை இறங்குபவருக்கு ஏற்றது என்பது என் எண்ணம். ஆனால் குத்தகைக்கு விடும்போது, தன் உடலுழைப்பால் பயிரிடும் குத்தகைதாரருக்கு 1955-ஆம் ஆண்டுச் சட்டம் தரும் பாதுகாப்பை மறக்கக்கூடாது. அவரை நினைத்த நேரத்தில் வெளியேற்ற முடியாது. மனை போடுவது என்றால் நில வகை மாற்றம், முறையான லேஅவுட் அனுமதி, சாலைக்கும் பொது இடத்துக்கும் விட வேண்டிய பரப்பு எல்லாம் சேரும். அங்கீகாரமற்ற மனைகளைப் பதிவு செய்வதற்குத் தடை இருக்கிறது. கட்டுநருடன் கூட்டாகச் செய்வதானால், முழு நிலத்துக்கும் பொது அதிகாரப் பத்திரத்தை முதல் நாளே எழுதிக் கொடுத்துவிடாமல், வேலையின் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஏற்ப அதிகாரத்தைப் பிரித்துக் கொடுக்கும்படி உங்கள் வழக்கறிஞரை எழுதச் சொல்லுங்கள்.

விற்பதாக இருந்தால் வரியையும் சேர்த்தே விலை பேச வேண்டும். 2024 ஜூலை 23 முதல் நீண்டகால மூலதன ஆதாய வரி 12.5 சதவீதம், அதற்கு முன்பே கைக்கு வந்த நிலத்துக்கு, பணவீக்கத்தைக் கழித்துக் கணக்கிடும் பழைய 20 சதவீத முறையில் வரி குறைவாக வந்தால், இந்தியாவில் வசிக்கும் தனிநபர் அந்தத் தொகையைக் கட்டினால் போதும். கிராமப்புற விவசாய நிலத்துக்கோ இந்த வரியே இல்லை. அதற்கு, நகராட்சி எல்லையிலிருந்து அதன் மக்கள்தொகைக்கேற்ப 2, 6 அல்லது 8 கிலோமீட்டருக்கு அப்பால் நிலம் இருக்க வேண்டும். அந்தத் தூரத்தைச் சாலை வழியாக அல்ல, நேர்கோட்டில் அளக்க வேண்டும். மனையாக மாற்றிவிட்டால் இந்தச் சலுகை கைநழுவிவிடும் என்பதால், மனை போட்டுக் கூடுதல் விலைக்கு விற்பதையும் விவசாய நிலமாகவே விற்பதையும் ஆடிட்டரிடம் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கணக்கிடச் சொல்லுங்கள். அந்தத் தூரத்தைச் சாலை வழியாக அல்ல, நேர்கோட்டில் அளக்க வேண்டும்.