யூக்கா செடியை தோட்டத்தோட ஹீரோவா வளர்க்குறது எப்படி

வருஷம் பூரா இலை உதிராம, செஞ்சு வெச்ச சிலை கணக்கா நிக்கிற செடி வேணும்னா யூக்காவ அடிச்சுக்க ஆளே இல்ல. ஆனா இதுல பாதி வேலை நடுறதுக்கு முன்னாடியே முடிஞ்சிடும், அதாவது எந்த ரகம், எந்த இடம்னு முடிவு பண்றதுதான்.

ஒத்தை தண்டு, உச்சியில உருண்டையா நீலச்சாம்பல் இலைன்னா ராஸ்ட்ராட்டா, ரொம்ப மெதுவாத்தான் வளரும், பொறுமை வேணும். பனி கொட்டுற ஊருக்கு ஃபிலமென்டோசா, தண்டே இருக்காது, இலை ஓரத்துல வெள்ளை நூல் பிரிஞ்சு சுருண்டு தொங்கும், கிட்ட போய் பாத்தா அதுதான் அழகு. வீட்டுக்குள்ள தொட்டியில பாக்குறோமே, முனை குத்தாத ரகம், அது ஜைஜான்டியா. மண்ணுல இறக்கினா 25, 30 அடி போயிடும், அடித்தண்டும் பெருத்துடும், சுவரை ஒட்டி நட்டுடாதீங்க. அலாய்ஃபோலியா இலை முனை ஊசிதான், நடைபாதை ஓரத்துல வேணவே வேணாம், குழந்தைங்க ஓடுற வீடுன்னா யோசிக்கவே யோசிக்காதீங்க.

முழு வெயில் படுற இடமா பாருங்க, நிழல்ல வெச்சா வெளிச்சத்தை தேடி சாஞ்சு இலையும் தொங்கிப்போய் அந்த ஷேப்பே போயிடும். பின்னாடி வெறும் சுவரோ கரும்பச்சை வேலியோ இருந்தா எடுப்பா தெரியும். காலடியில பூச்செடியா நெருக்காம கூழாங்கல் பரப்பி விடுங்க, போதும்.

இனி முக்கியமான விஷயம், தண்ணி. யூக்கா காஞ்சு சாகுறதை விட அழுகி சாகுறதுதான் ஜாஸ்தி. களிமண்ணுன்னா குழி தோண்டி அடியில ஜல்லி போடாதீங்க, தண்ணி அந்தக் குழிக்குள்ளயே தேங்கும், அதுக்கு பதிலா பருமணல் கலந்து ஒரு அடி மேடு கட்டி அதுமேல நடுங்க. தண்டை மண்ணுக்குள்ள புதைக்காம தொட்டியில இருந்த அதே மட்டத்துல வைங்க. முதல் வருஷம் மண்ணு நல்லா காஞ்சதும் ஊத்துங்க, வேர் பிடிச்சப்புறம் மழையே பெரும்பாலும் போதும். உரமும் அள்ளிப் போட வேணாம்.

அடி இலை மஞ்சளானா பயப்படாதீங்க, வயசாச்சு அவ்ளோதான். நடுக்குருத்தை லேசா இழுத்தா கையோட வந்து நாத்தம் அடிச்சா, இல்ல தண்டை கட்டைவிரலால அமுக்கினா மெத்துனு உள்ள போனாதான் அழுகல். ஜைஜான்டியா, அலாய்ஃபோலியா மாதிரி ரகத்துல அடி மட்டும் அழுகியிருந்தா, மேல கெட்டியா இருக்குற இடத்துல வெட்டி, வெட்டுவாய் காய ஒரு வாரம் நிழல்ல போட்டுட்டு திரும்ப நட்டா வேர் விடும்.

காஞ்ச இலைய வெட்டும்போது கண்ணாடி போட்டுக்கோங்க, குனியும்போது முனை நேரா கண்ணுக்குத்தான் வரும். பச்சை இலைய மொட்டை அடிக்காதீங்க, பாக்கவே பாவமா இருக்கும். நாய், பூனை கடிச்சா வாந்தி எடுக்கும், அதுல இருக்குற சாபோனின்ங்குற நச்சுப்பொருள்தான் காரணம்.

பூத்தா வெள்ளை மணி மணியா தொங்கும். கத்தாழை இனத்து அகேவ் பூத்ததும் செத்துடுமே அந்தப் பயம் இங்க இல்ல, காஞ்ச பூந்தண்டை மட்டும் வெட்டிவிடுங்க, பக்கத்துல புது கிளை வரும். மகரந்தம் சேர்க்கிற யூக்கா அந்துப்பூச்சி அமெரிக்கக் கண்டத்துலதான் இருக்கு, அதனால மத்த இடத்துல விதையை நம்ப முடியாது, அடியில பக்கக்கன்னு விடுற ரகமா இருந்தா அதை வேரோட பிரிச்சு நட்டுக்கலாம்.