கூட்டுத் தொழில் லாபத்தைப் பங்கு பிரிப்பது எப்படி?

திருப்பூரில் ஜாப் ஒர்க் (மற்ற கம்பெனிகளுக்குக் கூலிக்குத் தைப்பது) எடுத்துத் தைக்கும் ஒரு யூனிட்டை வைத்துக்கொள்வோம். மாமன் 6 லட்சம், மச்சான் 4 லட்சம், இரண்டும் ஏப்ரல் 1 அன்றே போட்டது. ஓவர்லாக், பிளாட்லாக் மெஷின் வாங்க அக்டோபர் 1-ல் ஒரு நண்பர் 8 லட்சத்தோடு சேர்கிறார். மார்ச் 31-ல் லாபம் ரூ.10,81,000.

முதலில் கூட்டுப் பத்திரத்தை (பங்காளிகள் எழுதிக்கொண்ட ஒப்பந்தம்) பாருங்கள். பங்கு விகிதம் பேசி முடிவாகவில்லை என்றால், 1932-ஆம் ஆண்டு கூட்டாண்மைச் சட்டத்தின் 13-ஆம் பிரிவுப்படி எல்லாருக்கும் சம பங்கு. யார் எவ்வளவு போட்டிருந்தாலும் இது மாறாது, வேலை பார்ப்பவருக்குத் தனிச் சம்பளமும் கிடையாது. ‘மாமன் மச்சானுக்குள்ள எழுத்து எதுக்குங்க’ என்று விட்ட இடத்தில்தான் பெரும்பாலும் பேச்சுவார்த்தை நின்றுபோகிறது. நம் யூனிட்டில் ‘போட்ட பணம், இருந்த மாதம்’ என்று எழுதியிருக்கிறார்கள்.

படி 1: சம்பளம். யூனிட்டை நடத்தும் மச்சானுக்கு மாதம் ரூ.30,000, வருடத்துக்கு ரூ.3,60,000. கழித்தால் மீதி ரூ.7,21,000. கணக்குப்பிள்ளை இதை ஏற்கெனவே செலவில் எழுதியிருந்தால் மறுபடி கழிக்கக் கூடாது.

படி 2: பணத்தை மாதத்தால் பெருக்குங்கள்.
மாமன்: 6 × 12 = 72
மச்சான்: 4 × 12 = 48
நண்பர்: 8 × 6 = 48
24-ஆல் வகுத்தால் 3 : 2 : 2.

மாதத்தை விட்டுவிட்டால் 6 : 4 : 8 ஆகி, பாதி வருடமே இருந்த நண்பருக்கு அதிகப் பங்கு போய்விடும். போட்ட பணத்தில் கொஞ்சத்தை நடுவில் எடுத்தாலும் இதே வழிதான்: மாமன் 8 மாதம் கழித்து 2 லட்சம் எடுத்திருந்தால் (6 × 8) + (4 × 4) = 64.

படி 3: மொத்தம் 7 பங்கு. 7,21,000 ÷ 7 = 1,03,000. மாமனுக்கு ரூ.3,09,000, மற்ற இருவருக்கும் தலா ரூ.2,06,000.

சதவீதத்தில் எழுதினால் 42.86, 28.57, 28.57. முழு எண்ணாக்கி 43, 29, 29 என்று போட்டால் 101 வரும், ரூ.7,210 கூடுதலாகப் பிரித்திருப்பீர்கள். பத்திரத்தில் விகிதமாகவே எழுதுவது நல்லது.

முதலுக்கு வட்டி வேண்டுமா? எல்லாருக்கும் ஒரே வட்டி வீதம் என்றால், இந்த விகிதத்தில் அதைத் தனியாகப் பிரித்தாலும் யார் பங்கும் மாறாது. வரிக் கணக்குக்குத்தான் வித்தியாசம். சம பங்கு போல வேறு விகிதம் பேசியிருந்தால்தான் வட்டியால் பங்கு மாறும்.

படி 4: முன்பணம். வீட்டுச் செலவுக்கு மாமன் மாதம் ரூ.15,000 எடுத்திருந்தால், வருடத்துக்கு ரூ.1,80,000. அவருக்கு வரவேண்டிய மீதி ரூ.1,29,000. சனிக்கிழமை சம்பளம் பட்டுவாடா செய்யும்போது கல்லாவிலிருந்து எடுத்ததையும் இதில் சேருங்கள். பெரும்பாலும் விடுபடுவது அதுதான்.

லாபம் ஏட்டில் இருக்கும், ரொக்கம் வேலை கொடுத்த பார்ட்டியிடம் பாக்கி நிற்கும். மூவருக்கும் தர வேண்டியது ரூ.5,41,000, பேங்கில் இருப்பது ரூ.2,70,500 மட்டும் என்றால், ஆளுக்குப் பாதி: 64,500, 1,03,000, 1,03,000. மீதியை அவரவர் கணக்கில் வரவு வைத்து, பில் வசூலானதும் கொடுங்கள்.