நாயை வெளியே அழைத்துச் செல்வோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

யாழ்ப்பாணத்தில் புதிதாக நாய் வளர்ப்பவர்கள் அதனை வளவுக்குள் கட்டிப் போடாமல் வெளியே அழைத்துச் செல்ல விரும்புவது மகிழ்ச்சி தருகிறது. ஆயினும் யோசனை கேட்டு வருபவர்களில் பெரும்பாலானோர் அதே சில தவறுகளையே திரும்பத் திரும்பச் செய்கிறார்கள். விசர்நாய்த் தடுப்பூசி, கழுத்துப் பட்டி, தண்ணீர்ப் போத்தல் என எல்லோரும் அறிந்தவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

ஞாயிறு மத்தியானப் பயணம்

இந்தத் தவற்றைக் காணும்போதெல்லாம் எனக்கு இன்னமும் கோபம் வருகிறது. வீட்டில் எல்லோருக்கும் ஓய்வு கிடைப்பது ஞாயிற்றுக்கிழமைதான் என்பதற்காக, மத்தியானச் சாப்பாடு முடிந்த கையோடு நாயையும் ஏற்றிக்கொண்டு கசூரினா கடற்கரைக்குப் புறப்படுகிறார்கள். நமக்கு வியர்ப்பது போல நாய்க்கு உடல் முழுவதும் வியர்ப்பதில்லை. நாக்கைத் தொங்கவிட்டு இளைத்தே அது பெருமளவு சூட்டை வெளியேற்றுகிறது. காற்றில் ஈரப்பதன் மிகுந்திருந்தால் அந்த வழியும் மந்தமாகிவிடும்.

எனக்குத் தெரிந்த குடும்பமொன்று சித்திரை மாத வெய்யிலில் தங்கள் ஜெர்மன் ஷெப்பர்ட் நாய்க்கு அங்கே பந்து எறிந்து விளையாட்டுக் காட்டியது. நாய் பந்தை விட்டுவிட்டுச் சவுக்கு மர நிழலில் போய் நின்றபோது, அது சோம்பல்படுகிறது என்று நினைத்து மறுபடியும் எறிந்திருக்கிறார்கள். சற்று நேரத்தில் அதன் முரசு கடுஞ்சிவப்பாகி, எச்சில் தடித்து வடிந்து, பின்னங்கால்கள் மடிந்துவிட்டன. பதற்றத்தில் ஈரத் துவாயால் இறுகச் சுற்றி, கண்ணாடி மூடிய வாகனத்தில் மிருக வைத்தியரிடம் கொண்டு ஓடினார்கள். உயிர் தப்பியது, சிறுநீரகம் பழைய நிலைக்குத் திரும்பவில்லை.

நாயின் இயல்பான உடல் வெப்பநிலை ஏறத்தாழ 38 முதல் 39 பாகை செல்சியஸ் வரை இருக்கும். அது 41 பாகையைத் தாண்டினால் உள்ளுறுப்புகள் சேதமடையத் தொடங்கும். ஆகவே இருந்த இடத்திலேயே உடல் முழுவதும் தண்ணீரை ஊற்றி விசிறிக் குளிர்விப்பதுதான் முதல் வேலை. வைத்தியரிடம் கொண்டுபோவது அதற்கு அடுத்தது. இறுகச் சுற்றிய துவாய் சூட்டை உள்ளேயே அடைத்துவிடும். கோடையில் விடியும் வேளையில் புறப்படுங்கள். இல்லையேல் பொழுது சாய்ந்து வீதி ஆறும்வரை பொறுத்திருங்கள். புறங்கையைத் தார் வீதியில் 7 விநாடி வைத்திருக்க உங்களால் முடியாவிட்டால், நாயின் பாதமும் அதைத் தாங்காது.

தூரத்தை மட்டும் கணக்கிடுதல்

நாய் முகர்வதற்கு நின்றால் வாரைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகிறார்கள். அது வெளியே வருவதே முகர்வதற்காகத்தான். என் நாய் எங்கள் ஒழுங்கையின் கிடுகு வேலியில் கீரி நுழைந்த பொட்டுக்குள் மூக்கை வைத்து, மூச்சில் புழுதி எழும்ப, வால் அசையாமல் நெடுநேரம் நிற்கும். அப்படி அரை மணி நேரம் முகர்ந்து திரிந்த நாய் வீடு வந்ததும் அமைதியாகப் படுத்துவிடும் என்பதை நீங்களே பார்க்கலாம். தொலைதூரப் பயணம் தேவையில்லை. இன்று ஒரு ஒழுங்கை, நாளை அறுவடை முடிந்த வயல் வரம்பு, மறுநாள் குளக்கட்டு என்று வழியை மாற்றினாலே போதும். பனங்கூடலுக்குள் போவதானால், கீழே கிடக்கும் மட்டைகளின் கருக்கு பாதத்தைக் கிழிக்காமல் பார்த்து நடத்துங்கள்.

கரையில் கிடப்பதைத் தின்னவிடுதல்

வலையிலிருந்து கழித்து வீசப்படும் பேத்தை மீன் வெய்யிலில் காய்ந்தாலும் அதன் நஞ்சு போகாது, அதற்கு மாற்று மருந்தும் கிடையாது. ‘விடு’ என்றதும் வாயில் கவ்வியதைப் போடுவதற்கு வீட்டிலேயே பழக்கிய பின்னர்தான் மீன் இறக்கும் கரைகளுக்கு நாயைக் கொண்டுசெல்ல வேண்டும்.

கண்ணிவெடி எச்சரிக்கைப் பலகை உள்ள காணி

நாயையும் விடவேண்டாம், நீங்களும் நுழையவேண்டாம்.

திரும்பி வந்ததும் அவிழ்த்துவிடுதல்

காது மடல், கால் விரல் இடுக்கு, வாலடி ஆகிய இடங்களில் உண்ணி ஏறியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். இருந்தால் சிறு இடுக்கியால் தோலோடு ஒட்டிப் பிடித்து நேராக இழுத்தெடுங்கள், நசுக்க வேண்டாம். அடுத்த சில வாரங்களுக்குள் நாய் சோர்ந்து, சாப்பாட்டை மறுத்து, முரசு வெளிறினால், உண்ணி கடித்ததை வைத்தியரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.